மறுமொழி: டீமு மூணா பிரிஞ்சு கெடக்கு, என்ன செய்ய?

தம்பி, சுங்கை சிப்புட் எஸ்டேட் ஃபுட்பால் டீம்ல நம்ம பசங்க, மலாய் பசங்க, சீனப் பசங்கன்னு தனித்தனியா உக்காந்துக்கிறாங்க, பாஸ்கூட அவங்கவங்களுக்குத்தான் போகுதுன்னு எழுதியிருந்தீங்க. ஒத்துமைய பத்தி லெக்சர் அடிக்காதீங்க லா, ஒருத்தனும் கேக்க மாட்டான். ட்ரெய்னிங்ல ஜோடிய நீங்களே பிரிச்சு விடுங்க, டிஃபன்ஸ்ல நடுவுல நிக்கிற ரெண்டு பேரையும் வேற வேற இனமா போட்டா கத்தி பேசித்தான் ஆகணும், அதுவும் திடல்ல மலாய் மொழி மட்டும், நீங்களும் நம்ம பசங்கள ஓரமா கூப்பிட்டு தமிழ்ல குசுகுசுன்னு பேசப்படாது, சந்தேகமே அங்கதான் கெளம்புது. 1980ல மெர்டேக்கா ஸ்டேடியத்துல தென் கொரியாவ 2-1ல சாய்ச்ச நம்ம மலேசியா டீம்ல கீப்பர் ஆறுமுகம், டிஃபன்ஸ்ல சோ சின் ஆன், சந்தோக் சிங், கடைசி கோலுக்கு பாஸ் குடுத்தது ஹசான் சானி, அடிச்சது ஜேம்ஸ் வோங், எல்லா இனமும் கலந்த டீமு அது! அப்புறம் பெஞ்சு விஷயம், எவன உக்கார வச்சாலும் காரணத்த எல்லாரு முன்னாலயும் சொல்லிடுங்க.