மீன்தொட்டி விளக்கில் ஷாக்: வயரை வெட்டிச் சேர்த்தவர் வழக்குப் போடலாமா?

கேள்வி: மூன்றடி மீன்தொட்டிக்காக ஓர் இணையச் சந்தையில் குறைந்த விலை எல்இடி பார் விளக்கு வாங்கினேன். ‘முழு வாட்டர்ப்ரூஃப், 36 வாட்’ என்று போட்டிருந்தார்கள். பெட்டியில் தயாரிப்பாளர் பெயரே இல்லை. கூட வந்த அடாப்டரின் வயர் எட்டாததால், விளக்குக்குப் போகும் வயரை வெட்டி ஒன்றரை மீட்டர் சேர்த்து டேப் சுற்றினேன். ஆறாவது வாரம், என் மனைவி தொட்டிக்குள் கைவிட்டுச் செடியைச் சரிசெய்துகொண்டிருந்தபோது விளக்கு பிடிப்பிலிருந்து நழுவித் தண்ணீரில் விழுந்தது. ஷாக் அடித்துப் பின்னால் சாய்ந்ததில் அவருக்கு மணிக்கட்டு எலும்பு முறிந்தது. மெயினை அணைத்துவிட்டு மருத்துவமனைக்கு ஓடினோம். மறுநாள் பார்த்தால் பாதிக்கு மேல் மீன்கள் செத்திருந்தன. விற்பனையாளரோ ‘10 நாள் ரிட்டர்ன் காலம் முடிந்துவிட்டது, வயரை வெட்டியதால் வாரண்டியும் கிடையாது’ என்கிறார். இணையச் சந்தை ‘நாங்கள் இடைத்தரகர் மட்டுமே’ என்கிறது. எப்போதாவது மீன்குஞ்சுகளை விற்பதும் உண்டு. நான் வழக்குப் போட முடியுமா?

பதில்: போடலாம். ரிட்டர்ன் காலம் முடிந்ததைப் பற்றிக் கவலைப்படாதீர்கள். உங்கள் வழக்கில் இடறக்கூடிய இடம் நீங்கள் வெட்டிச் சேர்த்த அந்த வயர்தான். அதற்குப் பதில் சொல்ல முடியும், ஆனால் அந்தப் பதில் சட்டப் புத்தகத்தில் இல்லை, அடாப்டருக்குள் இருக்கிறது. எனவே விளக்கையும் அடாப்டரையும் இப்போது இருக்கும் நிலையிலேயே பத்திரப்படுத்துங்கள். மறுபடி பிளக்கில் சொருகிப் பார்ப்பதோ, தெரிந்த எலக்ட்ரீஷியனிடம் கொடுத்துத் திறப்பதோ வேண்டாம். மெக்கர் (இன்சுலேஷனை அளக்கும் கருவி) வைத்துச் சோதிக்கிறேன் என்று யாராவது முன்வந்தாலும் விடாதீர்கள். பாதி கெட்டிருக்கும் இன்சுலேஷனில் 500 வோல்ட் ஏற்றினால் மீதியும் போய்விடும். அப்புறம் ‘சோதித்தவர்தான் கெடுத்தார்’ என்பார்கள். வயரில் நீங்கள் போட்ட இணைப்பையும் அவிழ்க்காதீர்கள். எல்லாவற்றையும் அளவுகோல் வைத்துப் படமெடுத்து, உலர்த்தி, உறையிலிட்டு, தேதி எழுதி இரண்டு பேர் கையெழுத்தோடு ஒட்டிவிடுங்கள். தொட்டியில் ஓடிய ஹீட்டர், ஃபில்டர், ஏர் பம்ப், அவை சொருகியிருந்த எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் ஆகியவற்றையும் இப்படியே எடுத்துவையுங்கள். எதிர்தரப்பின் முதல் கேள்வியே ‘ஹீட்டரிலிருந்து மின்சாரம் கசியவில்லை என்று எப்படித் தெரியும்?’ என்பதாகத்தான் இருக்கும்.

அடாப்டர் ஏன் முக்கியம் என்று பார்ப்போம். சுவரிலிருந்து வரும் 230 வோல்ட்டை அது 12 வோல்ட் டிசியாக மாற்றுகிறது. முறையாகச் செய்த அடாப்டரில் இந்த இரண்டு பக்கங்களுக்கும் நடுவில் மின்தடுப்பு இருக்கும். டிரான்ஸ்பார்மரின் இரு சுற்றுகளுக்கு இடையே இரட்டை இன்சுலேஷன், சர்க்யூட் பலகையில் சில மில்லிமீட்டர் இடைவெளி, நடுவே பாலமாக நிற்கும் கெப்பாசிட்டர் பாதுகாப்புக்கென்றே செய்த வகை என்று பல அடுக்குகளால் ஆனது அந்தத் தடுப்பு. அது சரியாக இருந்தால் 12 வோல்ட் விளக்கு தண்ணீரில் முழுகினாலும், டேப் சுற்றிய உங்கள் இணைப்பே முழுகினாலும், ஆளைத் தூக்கிப் போடும் ஷாக் அடிக்காது. விலையைக் குறைக்க நினைப்பவர்கள் முதலில் கைவைப்பதும் இங்கேதான். இடைவெளியைச் சுருக்குவார்கள், பாதுகாப்புக் கெப்பாசிட்டருக்குப் பதில் சாதாரணத்தைப் போடுவார்கள். அது உடைந்தால் 230 வோல்ட் அப்படியே விளக்கின் பக்கம் வந்து நிற்கும். ஆக, ஷாக் அந்த விளக்கிலிருந்துதான் வந்தது என்றால், மின்சாரம் அடாப்டருக்குள் தடுப்பைத் தாண்டியிருக்க வேண்டும். நீங்கள் சேர்த்த வயர் தடுப்புக்கு அந்தப் பக்கம், 12 வோல்ட் பகுதியில் இருக்கிறது.

இதற்கு மூன்று மறுப்புகள் வரும். ஹீட்டர் அல்லது ஃபில்டரிலிருந்து மின்சாரம் கசிந்தது என்பது ஒன்று. அவற்றைச் சோதித்தால் தெரிந்துவிடும். வயர் வழியாகத் தண்ணீர் வழிந்து அடாப்டருக்குள்ளோ எக்ஸ்டென்ஷன் பாக்ஸுக்குள்ளோ இறங்கியது என்பது இன்னொன்று. அடாப்டர் தொட்டியைவிடத் தாழ்வாக இருந்ததா, வயர் அதற்குள் நுழையும் முன் ஒரு தொங்கல் வளைவு (வழிந்து வரும் தண்ணீர் சொட்டிவிடும்படி கீழே தொங்கும் வளைவு) இருந்ததா என்பதை இப்போதே நினைவுபடுத்தி, இடத்தைப் படமெடுங்கள். மூன்றாவது கொஞ்சம் நுட்பமானது. நல்ல அடாப்டரில்கூட மிகச் சிறிய மின்கசிவு இருக்கும். ஈரக் கைக்கு அது சுள்ளென்று தெரியும். உங்கள் மனைவி அதற்குப் பயந்துதான் விழுந்தார் என்பார்கள். இந்த வகை அடாப்டர்களுக்குத் தர விதிகள் தொடுகசிவை, அதாவது தொடுபவர் வழியே பாயும் கசிவு மின்சாரத்தை, பொதுவாகக் கால் மில்லிஆம்பியர் அளவிலேயே நிறுத்துகின்றன. ஆய்வகம் அதை அளந்து சொன்னால் இந்த வாதம் நிற்குமா விழுமா என்பது தெரிந்துவிடும்.

இனி சட்டம். நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019இல் உங்களுக்கு இரண்டு வழிகள் உண்டு. இரண்டையும் ஒரே புகாரில் சேர்த்துக் கேளுங்கள். பலர் ஒன்றை மட்டும் எழுதிவிட்டு மற்றதைக் கோட்டை விடுகிறார்கள். முதலாவது, குறைபாடுள்ள பொருள் என்ற சாதாரணப் புகார். விளக்கின் விலை வட்டியோடு திரும்பக் கிடைப்பது இதில்தான். இரண்டாவது, 82 முதல் 87 வரையிலான பிரிவுகளில் வரும் பொருள் பொறுப்பு, அதாவது பழுதான பொருளால் நேர்ந்த தீங்குக்குத் தயாரித்தவரும் விற்றவரும் ஏற்க வேண்டிய பொறுப்பு. எலும்பு முறிவு, மருத்துவச் செலவு, மன வேதனை, செத்த மீன்கள் எல்லாம் இதில் வரும். ஆனால் 2(22) பிரிவு ‘தீங்கு’ என்பதற்குத் தரும் வரையறையில், பழுதான அந்தப் பொருளுக்கே நேர்ந்த சேதம் அடங்காது; வணிக இழப்பும் அடங்காது. அதனால்தான் இரண்டு வழிகளும் வேண்டும்.

விற்பனையாளர் ‘நான் தயாரிக்கவில்லையே’ என்று சொல்ல முடியாது. தயாரிப்பாளர் யாரென்று தெரியாவிட்டால், அல்லது தெரிந்தும் அவருக்கு நோட்டீஸ் சேர்க்க முடியாவிட்டால், விற்றவரே பொறுப்பு என்கிறது 86ஆம் பிரிவு. பெயரில்லாத பெட்டி உங்களுக்குச் சாதகமான சான்று. அதைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். இறக்குமதிப் பொருளாக இருந்தால் இறக்குமதியாளரின் பெயரும் முகவரியும், எந்த நாட்டில் செய்தது என்பதும் பொதியில் இருந்திருக்க வேண்டும். இல்லாதது தனியாக ஒரு விதிமீறல்.

வெட்டிய வயருக்கு வருவோம். பொருள் தவறாகப் பயன்படுத்தப்பட்டிருந்தாலோ மாற்றப்பட்டிருந்தாலோ விற்பனையாளர் மீது பொருள் பொறுப்பு வழக்கு வராது என்று 87(1) சொல்கிறது. வாசகம் அகலமானது, மாற்றத்துக்கும் தீங்குக்கும் தொடர்பு இருக்க வேண்டும் என்று அது வெளிப்படையாகச் சொல்லவில்லை. தொடர்பு வேண்டும் என்பதுதான் உங்கள் வாதமாக இருக்க வேண்டும். அடாப்டரை நீங்கள் தொடவில்லை, தீங்கு அங்கிருந்துதான் வந்தது என்பதை ஆய்வக அறிக்கையோடு சொல்ல வேண்டும். இந்த வாதம் எடுபடாமல் போனாலும் கதவு முழுதாக மூடிவிடாது. எதிர்தரப்பின் கவனக்குறைவால் நேர்ந்த இழப்புக்கு 39ஆம் பிரிவின் கீழ் நுகர்வோர் குறைதீர் ஆணையம் இழப்பீடு வழங்கலாம். அந்த அதிகாரம் 87க்குக் கட்டுப்பட்டதல்ல. எதுவானாலும் வயரை வெட்டியதைப் புகாரிலேயே எழுதிவிடுங்கள். மறைத்துவிட்டுக் குறுக்கு விசாரணையில் மாட்டிக்கொண்டால் உண்மையான பகுதியையும் நம்ப மாட்டார்கள்.

விளம்பரத்தையும் விடாதீர்கள். அடாப்டரின் லேபிளைப் படியுங்கள். 12 வோல்ட், 1.5 ஆம்பியர் என்று இருந்தால் அது தரக்கூடியது அதிகபட்சம் 18 வாட். 36 வாட் என்ற விளம்பரம் பொய் என்பதைப் பெட்டிக்குள் இருந்த பொருளே சொல்கிறது. அதுபோல, ஐபி67 என்ற நீர்த்தடுப்புக் குறி போட்டிருந்தால், ஒரு மீட்டர் ஆழத் தண்ணீரில் அரை மணி நேரம் தாங்கும் என்று பொருள். அந்த எண் விளக்குக் குழாய்க்கு மட்டும்தானா, அடாப்டருக்கும் சேர்த்தா என்று பாருங்கள். ‘முழு வாட்டர்ப்ரூஃப்’ என்று போட்டுவிட்டு, அடாப்டரை நனைக்காதே என்ற எச்சரிக்கையே தராமல் இருந்தால், அந்தக் குறை 84ஆம் பிரிவில் தயாரிப்பாளர் தலையிலும், தயாரிப்பாளர் தந்த எச்சரிக்கையை உங்களிடம் சேர்க்காமல் விட்டிருந்தால் 86ஆம் பிரிவில் விற்பனையாளர் தலையிலும் விழும். விளம்பரப் பக்கத்தை முகவரி வரியோடும் தேதியோடும் இன்றே ஸ்கிரீன்ஷாட் எடுங்கள். நோட்டீஸ் போன மறுநாள் அந்தப் பக்கம் இருக்காது. அதோடு, மின்னணுப் பதிவுகளைச் சான்றாகத் தருவதற்கு பாரதிய சாட்சிய அதினியம் (சாட்சியச் சட்டம்) 63(4) கேட்கும் சான்றிதழை இணைப்பது நல்லது.

ரிட்டர்ன் காலம் பற்றி இரண்டு வரி போதும். மனம் மாறித் திருப்பித் தருபவருக்கு 10 நாள் கெடு வைத்துக்கொள்ளட்டும். குறைபாடுள்ள பொருளையோ விளம்பரத்தில் சொன்ன தன்மை இல்லாத பொருளையோ திரும்ப எடுக்க மறுக்கக் கூடாது என்று மின்வணிக விதிகள், 2020 விற்பனையாளரைக் கட்டுப்படுத்துகின்றன.

இணையச் சந்தையையும் எதிர்தரப்பாகச் சேருங்கள். அவர்கள் பொறுப்பு எந்த அளவு என்பது அவர்கள் செய்த வேலையைப் பொறுத்தது. வெறுமனே பட்டியல் போட்டார்களா, தங்கள் கிடங்கில் வைத்துத் தங்கள் பெட்டியில் அனுப்பினார்களா, தரத்துக்குத் தாங்கள் உறுதி என்று முத்திரை கொடுத்தார்களா என்பதைப் பொதிச் சீட்டையும் இன்வாய்ஸையும் வைத்துக் காட்டுங்கள். அதற்கு முன் அவர்களது குறைதீர் அலுவலருக்கு எழுதுங்கள். 48 மணி நேரத்தில் பெற்றுக்கொண்டதாகச் சொல்லி, ஒரு மாதத்துக்குள் தீர்வு தர வேண்டும் என்பது விதி. விற்பனையாளரின் முழு முகவரியையும் எழுத்தில் கேளுங்கள். நோட்டீஸ் அனுப்ப அது வேண்டும்.

பில் உங்கள் பெயரில்தான் இருக்கும். காயம்பட்டவர் உங்கள் மனைவி. வாங்கியவரின் ஒப்புதலோடு பொருளைப் பயன்படுத்துபவரும் நுகர்வோரே என்பதால் இருவரும் புகார்தாரர்களாகச் சேருங்கள். மருத்துவமனைக் குறிப்பில் ‘மின்சாரம் தாக்கி விழுந்ததால்’ என்று இருக்கிறதா பாருங்கள். ‘வழுக்கி விழுந்தார்’ என்று எழுதியிருந்தால், சிகிச்சை அளித்த மருத்துவரிடம் அன்று சொன்னதை விளக்கி இப்போதே சான்று கேளுங்கள்.

குஞ்சு விற்பனையை அவர்கள் கிளறுவார்கள். வணிக நோக்கத்துக்கு வாங்கினால் நுகர்வோர் ஆக முடியாது என்பது உண்மைதான். ஆனால் 2019இல் லீலாவதி கீர்த்திலால் மேத்தா மருத்துவ அறக்கட்டளை வழக்கில், வாங்கியதன் முதன்மை நோக்கம் என்ன என்பதைத்தான் பார்க்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. வீட்டுத் தொட்டி ஒன்றில் மிஞ்சிய குஞ்சுகளை எப்போதாவது கொடுப்பது அந்த அளவுக்குப் போகாது. ‘விற்றிருந்தால் இவ்வளவு கிடைத்திருக்கும்’ என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள். வணிக இழப்பு எப்படியும் கிடைக்காது. கேட்டதே உங்களுக்கு எதிராகத் திரும்பும்.

மீன்களுக்கான தொகையை அடக்கமாகவே கேளுங்கள். மெயினை அணைத்ததால் ஃபில்டரும் ஏர் பம்பும் இரவெல்லாம் நின்றன, ஆக்சிஜன் குறைந்து செத்தன என்பார்கள். அது உண்மையாகவும் இருக்கலாம். அப்படியே ஆனாலும் மெயினை அணைக்க வைத்தது இந்த விபத்துதான் என்று வாதிடலாம். ஆனால் வழக்கின் பலம் மணிக்கட்டில் இருக்கிறது.

செய்முறை இதுதான். விற்பனையாளருக்கும் இணையச் சந்தைக்கும் 15 நாள் கெடுவோடு ஸ்பீடு போஸ்டில் நோட்டீஸ் அனுப்பி, சேர்ந்ததற்கான சான்றை வைத்துக்கொள்ளுங்கள். நோட்டீஸ் கட்டாயமில்லை, ஆனாலும் அதற்கு வரும் பதில் பல சமயம் நமக்கே உதவும். விரும்பினால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915இல் பதியலாம். பணம் திரும்ப வாங்க அது சில நேரம் போதும், காயத்துக்கான இழப்பீட்டுக்குப் போதாது. பிறகு நீங்கள் வசிக்கும் மாவட்டத்தின் நுகர்வோர் குறைதீர் ஆணையத்தில் புகார் கொடுங்கள். விற்பவரின் ஊருக்குப் போக வேண்டியதில்லை. நுகர்வோர் புகார்களுக்கான அரசின் ஈ-ஜாக்ரிதி இணையதளம் வழியாகவும் தாக்கல் செய்யலாம். பொருளுக்குக் கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் கட்டணம் இல்லை. இழப்பீடாக எவ்வளவு கேட்கிறீர்கள் என்பதை இதற்குக் கணக்கில் எடுப்பதில்லை.

புகாரோடு பிரமாணப் பத்திரமும், ஆய்வகத்துக்கு அனுப்பக் கோரும் மனுவும் சேர்த்துப் போடுங்கள். ஆணையம் பொருளை முத்திரையிட்டு உரிய ஆய்வகத்துக்கு அனுப்பி 45 நாளில் அறிக்கை கேட்கும். சோதனைக் கட்டணத்தை நீங்கள் கட்ட வேண்டியிருக்கும். ‘குறைபாடு உண்டா?’ என்று மட்டும் கேட்டால் ஆய்வகம் பொத்தாம்பொதுவாகப் பதில் எழுதிவிடும். இப்படிக் கேளுங்கள்: அடாப்டரின் உள்வரும் பக்கத்துக்கும் வெளிச்செல்லும் பக்கத்துக்கும் இடையே இன்சுலேஷன் எவ்வளவு, தொடுகசிவு எத்தனை மில்லிஆம்பியர், இரு பக்கங்களுக்கும் இடையே எத்தனை மில்லிமீட்டர் இடைவெளி, புகார்தாரர் போட்ட வயர் இணைப்பு இவற்றில் எதையாவது பாதிக்குமா, விளக்கின் பிடிப்பு அதன் எடையைத் தாங்குமா. மீன்தொட்டி விளக்குகளுக்கென்றே ஐஇசி 60598, பகுதி 2-11 என்ற சர்வதேசத் தரம் இருக்கிறது. அதை ஒப்பீட்டு அளவுகோலாகக் குறிப்பிடலாம்.

சட்டம் ஆய்வு தேவைப்படும் வழக்குகளுக்கு ஐந்து மாதம் என்கிறது. நடைமுறையில் அதைவிட நீளும். புகார் கொடுக்க விபத்து நடந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுகள் உண்டு. அவ்வளவு காலம் இருக்கிறதே என்று அடாப்டரை மட்டும் அலமாரியில் மறந்துவிடாதீர்கள். ஈரம் பட்ட சர்க்யூட் துருப்பிடித்தால் சான்று மங்கும்.

இதற்கிடையில் புது விளக்கு வாங்குவீர்கள். விலை குறைந்ததே போதும், அதிலும் பாதுகாப்பானவை கிடைக்கின்றன. அடாப்டரில் ஒன்றுக்குள் ஒன்றாக இரண்டு சதுரங்கள் கொண்ட குறி, தயாரிப்பாளர் பெயர், இந்தியத் தர நிர்ணய அமைப்பின் ‘ஆர்’ எனத் தொடங்கும் பதிவு எண் மூன்றும் இருக்கட்டும். அந்த எண்ணை அந்த அமைப்பின் பிஐஎஸ் கேர் செயலியில் தட்டினால் யாருக்கு, எந்தப் பொருளுக்குக் கொடுத்தது என்று காட்டும். வேறு பொருளின் எண்ணை ஒட்டியிருப்பதும் அப்போது தெரிந்துவிடும். விளக்குக்கும் தண்ணீருக்கும் நடுவில் கண்ணாடி மூடி போடுங்கள். அடாப்டரைத் தொட்டியின் நீர்மட்டத்துக்கு மேலே சுவரில் மாட்டுங்கள், முடியாவிட்டால் வயரில் தொங்கல் வளைவு விடுங்கள். அந்த லைனுக்கு 30 மில்லிஆம்பியர் ஆர்சிசிபி (மின்கசிவு நேர்ந்தால் மின்சாரத்தைத் துண்டிக்கும் சுவிட்ச்) வைத்து மாதம் ஒருமுறை அதன் டெஸ்ட் பொத்தானை அழுத்துங்கள். கை உள்ளே போகும் முன் எல்லா பிளக்கையும் பிடுங்குங்கள். வயர் எட்டவில்லை என்றால் வெட்ட வேண்டாம். 12 வோல்ட் பக்கத்துக்கு அதே முனை கொண்ட நீட்டிப்பு வயர் தனியாக விற்கிறது.