பொறியியலோடு கணிதப் பட்டமும் சேர்க்கலாமா?
மின்னணுப் பொறியியல் இரண்டாம் ஆண்டில் இருக்கிறீர்கள், நுண்கணிதத்தில் நல்ல மதிப்பெண், ஓராண்டு கூடுதலாகப் படித்தால் கணிதப் பட்டமும் கிடைக்கும் என்கிறீர்கள். அந்த மதிப்பெண்ணை மட்டும் நம்பி இறங்காதீர்கள். இதுவரை நீங்கள் படித்தது கணக்குப் போடும் கணிதம். கணிதப் பட்டத்தில் பெரும்பாலும் நிரூபணம்தான். ஒரு சார்பை சைன், கொசைன் அலைகளின் கூட்டலாக எழுதும் ஃபூரியர் தொடரைப் பயன்படுத்துவது வேறு, அந்தக் கூட்டல் எப்போது ஒருங்கும், அதாவது ஒரு மதிப்பை நெருங்கிச் செல்லும் என்று நிறுவுவது வேறு. முதலில் மெய்ப் பகுப்பாய்வு (real analysis, நுண்கணிதத்தை நிரூபணத்தோடு படிப்பது) ஒரு பாடம் மட்டும் எடுத்துப் பாருங்கள். பிடித்துப்போய், சிக்னல் பிராசசிங், கட்டுப்பாட்டியல் பக்கம் ஆராய்ச்சிக்குப் போகும் எண்ணமும் இருந்தால், சரி, சேருங்கள். வேலைதான் இலக்கு என்றால் நேரியல் இயற்கணிதம், நிகழ்தகவு, ஆப்டிமைசேஷன் மூன்றையும் விருப்பப் பாடமாக ஆழமாகப் படித்தாலே போதும் என்பேன். அப்புறம், இரண்டு பட்டத்துக்கும் பொதுவாக எந்தப் பாடங்களை ஏற்பார்கள் என்று துறையில் கேளுங்கள். அந்த ஓராண்டு குறையவும் வாய்ப்புண்டு.