சங்குக்குப் பிறகு 2உம் 3உம்

அன்பின் அண்ணாவுக்கு,

நான் கிளிநொச்சியைச் சேர்ந்தவள். 2019 ஜனாதிபதித் தேர்தலின்போது எனக்கு வாக்கு இருக்கவில்லை. இந்த 2024 செப்டெம்பர் 21 தேர்தல்தான் முதல் தடவை. வீட்டில் ஆளுக்கொன்று சொல்கிறார்கள். வெல்லக்கூடிய ஆளுக்குப் போடு, தமிழ்ப் பொது வேட்பாளர் பா. அரியநேத்திரனின் சங்குச் சின்னத்துக்குப் போட்டு வாக்கை வீணாக்காதே என்கிறார் அப்பா. மாமா தேர்தலையே பகிஷ்கரிக்க வேண்டும் என்று நிற்கிறார். என் நண்பர்கள் அரியநேத்திரனின் பக்கம். ஆனால் சங்குக்கு 1 மட்டும் போட்டுவிட்டு வர வேண்டும், இரண்டாம், மூன்றாம் விருப்பாக 2, 3 என்று இட்டால் தென்னிலங்கை வேட்பாளருக்குத் துணைபோனதாகிவிடும் என்கிறார்கள். என் மனமும் சங்கின் பக்கம்தான். ஆனால் இந்த இரண்டாம் விருப்பு வாக்கை எப்படி எண்ணுகிறார்கள் என்று ஒருவரும் விளங்கச் சொல்லவில்லை. உங்கள் கருத்து என்ன?

இன்னொன்று, எனது அடையாள அட்டை தொலைந்துவிட்டது. புதியது 21ஆம் திகதிக்கு முன் கிடைக்காது போலிருக்கிறது.

வாசகி, கிளிநொச்சி

*

அன்பின் தங்கைக்கு,

எண்ணும் முறையிலிருந்து தொடங்குகிறேன். அது விளங்கினால் நண்பர்களுக்கும் அப்பாவுக்கும் நீங்களே பதில் சொல்லிவிடுவீர்கள்.

முதலில் எல்லாச் சீட்டுகளிலும் 1ஐ மட்டுமே எண்ணுவார்கள். செல்லுபடியான வாக்குகளில் பாதிக்கு மேல் ஒருவர் பெற்றுவிட்டால் அத்தோடு முடிந்தது. ஒருவருக்கும் பாதி கிடைக்காவிட்டால், முதல் இரண்டு இடங்களில் இருப்பவர்களைத் தவிர மற்ற எல்லோரும் ஒரேயடியாகப் போட்டியிலிருந்து நீங்குவார்கள். நீங்கியவர்களுக்கு 1 இட்ட சீட்டுகளை மட்டும் திரும்ப எடுத்து 2 யாருக்கு என்று பார்ப்பார்கள். அது எஞ்சிய இருவரில் ஒருவருக்கென்றால் அவருடைய கணக்கில் சேரும். அந்த 2உம் நீங்கிய ஒருவருக்குப் போயிருந்தால் 3ஐப் பார்ப்பார்கள். முடிவில் கூடுதலாக வைத்திருப்பவர் ஜனாதிபதி. முதலிரண்டு இடத்தில் நிற்பவருக்கு 1 போட்டவர்களின் 2ஐயும் 3ஐயும் எவரும் திரும்பிப் பார்ப்பதில்லை. அதாவது இந்த எண்களால் பயன்பெறக்கூடியவர்கள், வெல்ல வாய்ப்பில்லாத வேட்பாளருக்கு முதல் விருப்பைக் கொடுக்கும் உங்களைப் போன்றவர்கள் மட்டும்தான்.

1982 முதல் 2019 வரை எட்டுத் தடவை ஜனாதிபதித் தேர்தல் நடந்திருக்கிறது. எட்டிலும் வென்றவர் முதல் எண்ணிக்கையிலேயே பாதியைத் தாண்டிவிட்டார். 1988இல் பிரேமதாச 50.43 வீதம், 2005இல் மஹிந்த ராஜபக்ஷ 50.29 வீதம் என்று மயிரிழையில் தாண்டியதும் உண்டு. அதனால்தான் இந்த 2, 3 சட்டத்தில் எழுதப்பட்ட எழுத்தாகவே கிடந்தது, எங்கள் ஆட்களுக்கும் புள்ளடி (X) போட்டே பழக்கம். இம்முறை ரணில் விக்கிரமசிங்க, சஜித் பிரேமதாச, அநுர குமார திசாநாயக்க என்று மூன்று பெரிய அணிகள் நிற்கின்றன. பாதியை ஒருவரும் தாண்டாமல் போக நியாயமான வாய்ப்பு இருக்கிறது.

இப்போது உங்கள் நண்பர்களின் வாதத்துக்கு வருகிறேன். அவர்களின் கோபம் எனக்கு விளங்குகிறது. 2010இல் போரை நடத்திய இராணுவத் தளபதி சரத் பொன்சேகாவுக்கே வாக்களித்தோம். 2015இல் மைத்திரிபால சிறிசேனவுக்கு, 2019இல் சஜித்துக்கு. ஒவ்வொரு தடவையும் ‘அவர் வரக்கூடாது’ என்பதற்காக இன்னொருவருக்குக் கொடுத்து, நாங்கள் கேட்பது என்ன என்பதைச் சொல்லாமலே வந்தோம். அதைச் சொல்ல ஓர் ஆள் வேண்டும் என்று பா. அரியநேத்திரனை நிறுத்தியிருப்பதில் அர்த்தம் இருக்கிறது. 1982இல் குமார் பொன்னம்பலம் நின்று 173,934 வாக்குகள் பெற்றார், யாழ்ப்பாண மாவட்டத்தில் முதலிடம் அவருக்குத்தான். அந்த எண்ணிக்கையை இன்றும் எடுத்துச் சொல்ல முடிகிறது. அதேபோல் சங்குக்கு விழும் ஒவ்வொரு 1உம் அரியநேத்திரனின் பெயரில் பதிவாகும், மாவட்டம் மாவட்டமாக வெளியாகும். நீங்கள் கீழே 2 என்று எழுதுவதால் அதில் ஒன்றும் குறையாது. உலகத்துக்குச் சொல்ல விரும்பும் செய்தி 1இலேயே முழுதாகச் சொல்லியாகிவிட்டது. 2ஐ வெறுமையாக விட்டால் அந்தச் செய்திக்குக் கூடுதல் பலம் எதுவும் சேராது. இரண்டாவது எண்ணிக்கையில், யார் ஜனாதிபதி என்று தீர்மானிக்கும் இடத்தில், உங்கள் சீட்டு இல்லாமல் போவது மட்டும் நடக்கும். அந்த இடத்தை நாங்களாக விட்டுக்கொடுப்பதை என்னால் ஏற்க முடியவில்லை.

இதை உங்கள் அப்பாவுக்கும் சொல்லுங்கள். 2, 3 இல்லாவிட்டால் அவர் பயப்படுவது சரி. இருந்தால் வாக்கு வீணாகாது. மூன்று பிரதான வேட்பாளர்களில் எந்த இருவருக்காவது 2உம் 3உம் கொடுத்தால், இறுதி இருவரில் ஒருவராவது உங்கள் சீட்டில் இருப்பார். மூவரில் இருவர்தான் அங்கே போக முடியும் என்பதால் இது தவறாது.

மாமாவிடம் பேசுவதுதான் கடினம். கஜேந்திரகுமார் பொன்னம்பலத்தின் தமிழ்த் தேசிய மக்கள் முன்னணி பகிஷ்கரிப்பைக் கேட்கிறது, தமிழரசுக் கட்சி வவுனியாவில் கூடி சஜித்தை ஆதரிக்க முடிவெடுத்திருக்கிறது. இந்த இழுபறியைப் பார்த்து ஒருவர் வெறுத்துப்போவது இயல்பு. ஆனால் 2005ஐ நினைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். யாழ் மாவட்டத்தில் ஏழு இலட்சம் வாக்காளர்கள் பதிவாகியிருக்க, வாக்களித்தவர்கள் 1.2 வீதம். அது மக்கள் தாங்களாக எடுத்த முடிவும் அல்ல, புலிகளின் கட்டளை. நாடு முழுவதும் வெற்றி வித்தியாசம் 180,786 வாக்குகள். வேறு ஆள் வந்திருந்தால் போர் வந்திருக்காது என்று நான் சொல்லமாட்டேன், அது எவராலும் நிறுவ முடியாதது. ஆனால் அந்த முடிவில் எங்களுக்குப் பங்கே இல்லாமல் போனது நடந்த உண்மை.

யார் வந்தாலும் ஒன்றுதான் என்பவர்களிடம் நான் கேட்பது ஒன்று. வடக்கின் ஆளுநரை நியமிப்பவர் யார்? ஜனாதிபதி. வடக்கு மாகாண சபைக்கு ஒரே ஒரு தடவைதான் தேர்தல் நடந்தது, 2013இல், அதுவும் இதே செப்டெம்பர் 21இல். 2018 ஒக்டோபரில் அதன் காலம் முடிந்தது. 2017இல் தேர்தல் முறையை மாற்றினார்கள், எல்லை நிர்ணயம் நாடாளுமன்றத்தில் நிறைவேறவில்லை, அத்தோடு தேர்தல் தொங்கிப்போனது. அன்றிலிருந்து எங்கள் பள்ளிக்கூடங்களையும் வைத்தியசாலைகளையும் பற்றிய முடிவுகள் நாங்கள் தெரிவுசெய்யாத ஒருவரின் கையொப்பத்தில் போகின்றன. 2023 மார்ச்சில் நடக்க வேண்டிய உள்ளூராட்சித் தேர்தலும் பணமில்லை என்று நிறுத்தப்பட்டது. அது அடிப்படை உரிமை மீறல் என்று உயர் நீதிமன்றம் 2024 ஆகஸ்ட் 22ஆம் திகதிதான் தீர்ப்பளித்தது. 2022இல் ஜனாதிபதி கோட்டாபய ராஜபக்ஷ நாட்டைவிட்டு ஓடிய பிறகு அடுத்த ஜனாதிபதியைத் தெரிவுசெய்ததும் நாடாளுமன்றத்தின் 134 வாக்குகள்தான். இவ்வளவு காலம் எங்கள் கைக்கு எட்டாமல் வைக்கப்பட்ட ஒன்று திரும்ப வருகிறபோது, அதை நாங்களே தள்ளிவிடுவதா?

2ஐ யாருக்குக் கொடுப்பது என்பதை நான் சொல்ல மாட்டேன், அது உங்களுடையது. மூவரின் விஞ்ஞாபனங்களும் ஆகஸ்ட் கடைசியில் வந்துவிட்டன. தமிழில் எடுத்து வாசியுங்கள். பொருளாதாரம், சர்வதேச நாணய நிதியம் பற்றிப் பக்கம் பக்கமாக இருக்கும், அதுவும் எங்கள் அரிசி விலைதான், தாண்டிப் போகாதீர்கள். ஆனால் மாகாண சபைத் தேர்தலை எப்போது வைப்பேன் என்று திகதியோடு சொல்கிறாரா, பயங்கரவாதத் தடைச் சட்டத்தை நீக்குவேன் என்கிறாரா, இல்லை வேறு பெயரில் கொண்டுவருவேன் என்கிறாரா, படையினர் வைத்திருக்கும் காணிகளைப் பற்றி என்ன எழுதியிருக்கிறார், 2017 பெப்ரவரியிலிருந்து உங்கள் ஊரிலேயே தெருவில் இருக்கும் காணாமல் ஆக்கப்பட்டோரின் அம்மாமாரைப் பற்றி ஒரு வரியாவது இருக்கிறதா என்று தேடிப் பாருங்கள். மூவரும் எனக்குத் திருப்தியில்லை. ஆனால் மூவரும் சமமாகத் திருப்தியில்லாதவர்கள் அல்ல. அந்த வித்தியாசத்துக்குத்தான் 2உம் 3உம்.

சீட்டு நீளமானது, 39 பெயர்கள் இருக்கும். அதில் ஒருவர் நியமனத்துக்குப் பிறகு காலமாகிவிட்டார், என்றாலும் பெயர் இருக்கும். நிதானமாகத் தேடுங்கள். புள்ளடியைத் தொடாமல் எண்களை மட்டும் எழுதுங்கள். 1 ஒருவருக்கு மட்டும். 1 இல்லாமல் 2ஐ மட்டும் எழுதினால் சீட்டு நிராகரிக்கப்படும். கோபத்தில் வேறெதுவும் எழுத வேண்டாம்.

அடையாள அட்டைக்கு வழி இருக்கிறது. செல்லுபடியாகும் கடவுச்சீட்டோ சாரதி அனுமதிப்பத்திரமோ இருந்தால் அதைக் கொண்டுபோகலாம். இரண்டும் இல்லையென்றால் புகைப்படங்களோடு உங்கள் கிராம அலுவலரிடம் போய், தேர்தலுக்கான தற்காலிக அடையாள அட்டைக்கு விண்ணப்பம் கேளுங்கள். அதற்குக் கடைசி நாள் உண்டு, நாளைக்கே போங்கள். இம்முறை வாக்களிப்பு காலை 7 மணியிலிருந்து மாலை 4 மணிவரை. சென்ற முறை 5 மணிவரை இருந்ததால் வீட்டில் பலர் அந்த நினைவிலேயே இருப்பார்கள், அவர்களுக்கும் சொல்லிவையுங்கள்.