மாமா ஏன் ஹால்ல உக்காந்திருக்கார்?

கேள்வி: போன மாசம் என் ஃப்ரெண்டோட புது வீட்டுக்குப் போயிருந்தேன். பக்கா லக்சுரி வீடு. ரெண்டு மாடி உயரத்துக்கு ஹால், தரை முழுக்க இத்தாலியன் மார்பிள், சாண்டிலியர், கதவு சாத்துனா சத்தமே வரல. எங்களுது சாதாரண ரெண்டு பெட்ரூம் வீடு. மாமனார் ராத்திரி இருமுனா எங்க ரூம் வரைக்கும் கேக்கும், இப்பல்லாம் அவரே எந்திரிச்சுப் போய் ஹால்ல உக்காந்துக்கறார். சேத்து வச்ச பணத்துல மார்பிள், ஃபால்ஸ் சீலிங், டிவி சுவத்துக்குக் கண்ணாடி பேனல் போட்டா எங்க வீட்டுக்கும் அந்த லுக் வருமா? கணவருக்கும் சம்மதம்தான்.

பதில்: லுக் வரும்மா. காசு குடுத்தா லுக் யாருக்கும் வரும். இந்தக் கேள்வி வேற வேற பேர்ல எனக்கு வந்துட்டே இருக்கு, அதனால மார்பிள் பத்தி அப்புறம் பேசுவோம். எனக்கு உங்க லெட்டர்ல அந்த ஒரு வரிய தாண்டிப் போக முடியல. "அவரே எந்திரிச்சுப் போய் ஹால்ல உக்காந்துக்கறார்." வயசான மனுஷன், நடு ராத்திரி, லைட் போட்டா யாராவது முழிச்சுப்பாங்கன்னு இருட்டுலயே தடவித் தடவி வந்து சேர்ல உக்காந்து வாயப் பொத்திக்கிட்டு இருமுறார். நீங்க அத ஏதோ பிரச்சனை தானா தீந்துட்ட மாதிரி எழுதியிருக்கீங்க. "எங்க ரூம் வரைக்கும் கேக்கும்"னு சொல்றீங்களே, எத்தனை நாளா கேக்குது? டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போனதா லெட்டர்ல ஒரு வார்த்தை இல்ல. 8 வாரத்துக்கு மேல இருமல் நிக்கலன்னா அத நாள்பட்ட இருமல்னு சொல்வாங்க, காரணம் என்னன்னு பாத்தே ஆகணும். உங்க கணவருக்கு மார்பிளுக்கு சம்மதம் சொல்ல நேரம் இருந்திருக்கு, பெத்த அப்பா எந்திரிச்சுப் போற சத்தம் மட்டும் அவர் காதுல விழலையா? இந்தத் திட்டு உங்களுக்கு பாதி, அவருக்கு பாதி.

சரி, வீட்டுக்கு வருவோம். அந்த வீட்டுல நீங்க பாத்ததுலயே உண்மையான லக்சுரி எதுன்னு உங்களுக்கே தெரியாம எழுதிட்டீங்க. சாண்டிலியர் இல்ல, மார்பிள் இல்ல, அந்தக் கதவுதான். சாதாரண வீட்டுக்கும் நல்லா கட்டுன வீட்டுக்கும் பெரிய வித்தியாசம் கண்ணுக்குத் தெரியாத இடத்துலதான் இருக்கு. சுவத்தோட கனம், ரூமுக்கு ரெண்டு பக்கம் ஜன்னல் வச்சு காத்து ஒரு பக்கம் வந்து இன்னொரு பக்கம் போறது, நடுவுல இடைவெளி விட்ட ரெட்டைக் கண்ணாடி ஜன்னல், பைப்புல தண்ணி ஓடுனா பக்கத்து ரூமுக்குக் கேக்காதது, இதெல்லாம் போட்டோல வராது.

ஃபின்லாந்துல பைமியோன்னு ஒரு ஊர்ல காசநோய்க்காரங்களுக்கு ஒரு ஆஸ்பத்திரி கட்டுனாங்க, 1933ல முடிஞ்சது. ஆல்வார் ஆல்ட்டோங்கறவரு டிசைன் பண்ணது. ரூமுக்கு ரெண்டு பேர். ஒருத்தர் கை கழுவுனா பக்கத்து பெட்ல படுத்திருக்கறவர் தூக்கம் கெடக்கூடாதுன்னு, தண்ணி சரிவா விழுந்து சத்தம் வராத மாதிரி வாஷ்பேசின தனியா வடிவமைச்சாரு. இருமுற மனுஷங்களுக்காக யோசிச்ச கட்டடம் அது. நீங்க போடப்போற லிஸ்ட்ல யாருக்காக என்ன யோசிச்சிருக்கீங்க?

இன்னொன்னு கேளுங்க. மார்பிள், கண்ணாடி, வழவழன்னு சீலிங், எல்லாமே சத்தத்த திருப்பி அடிக்கற பொருள். இதெல்லாம் போட்டாலும் அதே ஹால்ல அவர் இருமுற சத்தம் எதிரொலிக்கத்தான் செய்யும். உங்க ஃப்ரெண்ட் வீட்டுல கனமான திரையும் தரைவிரிப்பும் இருந்திருக்கும், நீங்க கவனிச்சிருக்க மாட்டீங்க. அதோட பாலிஷ் போட்ட மார்பிள்ல ஒரு சொட்டு தண்ணி கிடந்தா வழுக்கும், இருட்டுல நடக்கற மனுஷன் இருக்கற வீட்டுல அத போட நான் சம்மதிக்கவே மாட்டேன். எலுமிச்சம்பழச் சாறு பட்டாலே பளபளப்பு போய் தடம் விழும், அது வேற விஷயம்.

அந்தப் பணத்துல என்ன பண்ணலாம்னா, முதல்ல மாமா ரூம் கதவ விரலால தட்டிப் பாருங்க. டொக் டொக்னு கூடு மாதிரி கேட்டா உள்ள காலி. அத எடுத்துட்டு உள்ள கெட்டியா இருக்கற சாலிட் கதவு போடுங்க, உங்க ரூமுக்கும் அதே மாதிரி. நிலையச் சுத்தி ரப்பர் பீடிங், கதவுக்கு அடியில இருக்கற சந்துக்கு ஒரு சீல். காத்து நுழையற இடத்துல எல்லாம் சத்தமும் நுழையும். ரெண்டு ரூமுக்கும் நடுவுல 4.5 இன்ச் சுவர்தான் இருக்கும், அதுல ரெண்டு பக்கமும் ஒரே இடத்துல முதுகோட முதுகா ஸ்விட்ச் பாக்ஸ் பதிச்சிருந்தா ஒரு பக்கத்து பாக்ஸ நகத்தச் சொல்லுங்க, பழைய ஓட்டைய நல்லா அடைக்கச் சொல்லுங்க. அவர் ரூம்ல ஈரம் கசியுதான்னு கட்டில நகத்தி சுவத்தப் பாருங்க, பூஞ்சை இருந்தா இருமலுக்கு அதுவே ஒரு காரணமா இருக்கலாம். கட்டில்லேருந்து பாத்ரூம் வரைக்கும் கால் தடத்துக்கு ஒரு சின்ன நைட் லைட். இத்தனையும் பண்ணி மீதி இருந்தா ஹாலப் பத்தி திரும்ப எழுதுங்க, கண்டிப்பா பதில் சொல்றேன்.

கார்பெண்டர் வர்ற வரைக்கும் காத்திருக்காதீங்க. இன்னைக்கு ராத்திரி அவர் எந்திரிக்கற சத்தம் கேட்டா நீங்க ரெண்டு பேரும் எந்திரிங்க. லைட்டப் போடுங்க. ஒரு டம்ளர் வெந்நி குடுத்து, "உள்ளயே படுத்துக்கோங்க மாமா, எங்களுக்கு ஒண்ணும் தொந்தரவு இல்ல"ன்னு உங்க வாயால சொல்லுங்க.