கெர்னலில் யார் வாங்கிய நினைவகம்?

கேள்வி: துறைமுகத்துக்கும் மணலி, மாதவரம் கண்டெய்னர் யார்டுகளுக்கும் இடையே ஓடும் டிரெய்லர் லாரிகளில் பொருத்தும் ஜி.பி.எஸ். கருவி ஒன்றுக்கு லினக்ஸ் டிரைவர் எழுதியிருக்கிறேன். கருவியில் இருப்பது 128 எம்.பி. நினைவகம். நொடிக்கு ஒரு பதிவு, ஒவ்வொன்றும் 200 பைட். டிரைவருக்கு மேலே இயங்கும் நிரல் அனுப்பி முடித்துவிட்டதாகச் சொல்லும் வரை டிரைவர் அதைப் பட்டியலில் வைத்திருக்கும். மேசையில் வைத்து ஓட்டினால் வாரக்கணக்கில் ஓடுகிறது. லாரியில் ஏற்றினால் சில நாள்களில் நினைவகம் தீர்ந்து நின்றுவிடுகிறது. நினைவகக் கசிவைத் தேடும் கேமெம்லீக்கை இயக்கிப் பார்த்தும் அது ஒன்றையும் காட்டவில்லை. அப்படியானால் கசிவு என் டிரைவரில் இல்லை என்று கொள்ளலாமா?
- ஒரு வாசகர், தண்டையார்பேட்டை

பதில்: கொள்ளக் கூடாது. கேமெம்லீக் எதைத் தேடுகிறது என்பதைத் தெரிந்துகொண்டால், அதன் மௌனத்துக்கு எவ்வளவு மதிப்புத் தரலாம் என்பதும் தெரிந்துவிடும். 2009இல் லினக்ஸ் 2.6.31 பதிப்பில் சேர்ந்த இந்தக் கருவி, லினக்ஸின் மையமான கெர்னல் ஒதுக்கும் ஒவ்வொரு நினைவகத் துண்டையும் குறித்து வைத்துக்கொண்டு, வழக்கமாகப் பத்து நிமிடங்களுக்கு ஒரு முறை கெர்னலின் தரவுப் பகுதிகளையும் ஃபங்ஷன்களின் தற்காலிக நினைவகமான ஸ்டேக்குகளையும் துழாவி, அந்தத் துண்டின் முகவரி எங்காவது எழுதப்பட்டிருக்கிறதா என்று பார்க்கிறது. எங்குமே இல்லாத துண்டைத்தான் அநாதை என்று அறிவிக்கிறது. முகவரி ஓரிடத்தில் இருந்தாலும் போதும், அதைத் தொடாது.

நீங்கள் தினமும் பார்க்கும் யார்டையே எடுத்துக்கொள்ளுங்கள். எந்தக் காகிதத்திலும் எண் இல்லாத கண்டெய்னரைத் தேடுவது கேமெம்லீக்கின் வேலை. காகிதத்தில் எண் சரியாக இருந்தும், எடுத்துச் செல்ல ஆள் வராமல் மாதக்கணக்கில் இடத்தை அடைத்து நிற்கும் கண்டெய்னர் அதன் கண்ணில் படாது. அதைப் பிடிக்க கேட் ரெஜிஸ்டர் வேண்டும்: யார் கொண்டுவந்தார், என்றைக்கு உள்ளே வந்தது. உங்களுக்கும் வேண்டியது அந்த ரெஜிஸ்டர்தான் என்று நினைக்கிறேன். சிக்னல் பாதியில் அறுந்து, மேலே உள்ள நிரல் பதிவை வேறு வரிசை எண்ணோடு மீண்டும் அனுப்பினால், பழைய எண்ணுக்கு ஒப்புதல் வரவே வராது. அந்தப் பதிவு பட்டியலில் பத்திரமாக, முகவரியோடு, என்றென்றைக்கும் தங்கிவிடும். மேசையில் சிக்னல் அறுவதில்லை என்பதால் அங்கே குறை வெளிப்படவில்லை.

எந்தக் கருவியை எடுப்பதற்கு முன்னும் நினைவகக் கணக்கைக் காட்டும் மெம்இன்ஃபோ கோப்பைச் சில மணி நேர இடைவெளியில் இரு முறை படித்து, திரும்பப் பெற முடியாத ஸ்லாப் (கெர்னல் தன் சிறு துண்டுகளுக்கு ஒதுக்கும் நினைவகம்) என்ற வரி ஏறுகிறதா என்று பாருங்கள். இதைத் தாண்டிக் குதிப்பவர்கள்தான் தவறான இடத்தில் நாள்களைச் செலவிடுகிறார்கள். அது ஏறினால் ஸ்லாப்டாப் கட்டளை எந்தக் கேஷ், அதாவது ஒரே அளவுத் துண்டுகளின் எந்தத் தொகுப்பு, பெருக்கிறது என்று காட்டும். உங்கள் 200 பைட், கெர்னல் நினைவகம் ஒதுக்கும் ஃபங்ஷனான கேமலாக்கில் 192க்குள் அடங்காமல் 256 பைட் கேஷுக்குப் போகும். எல்லாப் பதிவும் தங்கினால் நாளொன்றுக்கு 86,400 துண்டுகள், அதாவது சுமார் 22 எம்.பி.; ஒரு பகுதி தங்கினாலும் 128 எம்.பி. கருவி அதிக நாள் தாங்காது.

இனி ரெஜிஸ்டர். கெர்னலை மீண்டும் தொகுக்க வேண்டியதில்லை. துண்டுகளைக் கண்காணிக்கும் ஸ்லப் டீபக் வசதி பெரும்பாலான கெர்னல்களில் உள்ளே இருக்கிறது. பூட் வரியில் ஸ்லப்_டீபக் என்பதற்கு வாங்கியவரைக் குறித்து வைக்கச் சொல்லும் யூ என்ற எழுத்தையும் கேமலாக்-256 என்ற கேஷின் பெயரையும் மட்டும் கொடுங்கள். எல்லாக் கேஷ்களுக்கும் கொடுத்தால், ஒவ்வொரு துண்டோடும் சேரும் குறிப்புகளே உங்கள் சிறிய நினைவகத்தில் கணிசமாக இடம் பிடிக்கும். லாரியில் இரண்டு நாள் ஓடியபின், கெர்னல் தன் உள்விவரங்களைக் கோப்புகளாகக் காட்டும் டீபக்எஃப்எஸ்ஸில் அந்தக் கேஷின் அலாக்-டிரேசஸ் கோப்பைத் திறந்தால், துண்டுகளை வாங்கிய ஃபங்ஷன்களின் பெயரும், ஒவ்வொன்றும் எத்தனை துண்டுகளை இன்னும் வைத்திருக்கிறது என்பதும், அவற்றின் வயதும் வரிசையாக நிற்கும்.

எண்ணிக்கையைக் காட்டிலும் வயதைப் பாருங்கள். அது ஜிஃபி என்னும் கடிகாரத் துடிப்பில் இருக்கும். நொடிக்கு 100 துடிப்பு உள்ள கெர்னலில் ஒரு நாள் என்பது 86,40,000. பதிவு சில நொடிகளில் விடுபட வேண்டியது. அதிகபட்ச வயது கருவி இயங்கிய நேரத்தோடு ஏறத்தாழ ஒத்துப்போனால், ஓடத் தொடங்கியபோது வாங்கியது இன்னும் திரும்பவில்லை என்று பொருள். முன்பு நான் வேலை பார்த்த ஓரிடத்தில் இதே போன்ற பட்டியல் கசிவுக்கு மூன்று இரவுகள் கேமெம்லீக்கின் முன் உட்கார்ந்திருந்தோம். வயது விவரத்தைப் பார்த்த கால் மணி நேரத்தில் ஃபங்ஷன் கிடைத்துவிட்டது. அந்த இரவுகளை நினைத்துத்தான் இவ்வளவு நீட்டி எழுதுகிறேன்.

உங்கள் கெர்னல் 6.10 அல்லது அதற்குப் பிந்தையது என்றால் இன்னும் எளிய வழி உண்டு. 2024இல் வந்த அந்தப் பதிப்பில் நினைவக ஒதுக்கீட்டுக் கணக்கு சேர்ந்தது; அதை இயக்கித் தொகுத்தால், அலாக்இன்ஃபோ என்ற கோப்பு எந்த மூலக் கோப்பின் எந்த வரி எத்தனை பைட் வைத்திருக்கிறது என்று சொல்லும். சுமை குறைவு என்பதால் லாரியில் ஏற்றும் கருவியிலேயே நிரந்தரமாக விட்டுவைக்கலாம்.

ஸ்லாப் ஏறாமல் காலி நினைவகம் மட்டும் குறைந்தால், பேஜ் கணக்கில் முழுப் பக்கங்களாக யாரோ வாங்குகிறார்கள். கேமெம்லீக் அவற்றைக் கவனிப்பதில்லை. பக்கங்களை வாங்கியவரைக் குறிக்கும் பேஜ்-ஓனர் வசதியை இயக்க வேண்டும்.

கேள்வி: 32 பிட் கருவி ஒன்றில் கெர்னல் நின்றபோது, தவறான முகவரி 6பி6பி6பி7பி என்று வந்தது. இப்படி ஒரே எண் திரும்பத் திரும்ப வருவது ஏன்?
- ஒரு மாணவி, பெரம்பூர்

பதில்: ஸ்லப் டீபக்கின் விஷம் தடவும் வசதி உங்கள் கருவியில் இயங்குகிறது. விடுவிக்கப்பட்ட துண்டின் பைட்டுகளை அது 6பி என்ற பதினாறடிமான எண்ணால் நிரப்பி, கடைசி பைட்டில் மட்டும் ஏ5 வைக்கிறது. விடுவித்த துண்டிலிருந்து ஒரு பாயிண்டரை, அதாவது முகவரியை, படித்து, அதிலிருந்து மேலும் 16 பைட் தள்ளியுள்ள உறுப்பை உங்கள் நிரல் தொட முயன்றிருக்கிறது. 6பியுடன் பதினாறைக் கூட்டினால்தான் 7பி வரும். உங்கள் ஸ்ட்ரக்சரில் பதினாறாவது பைட்டில் தொடங்கும் உறுப்பு எது என்று பாருங்கள், குறை நடந்த வரி பெரும்பாலும் தெரிந்துவிடும். யார் விடுவித்தது என்பது தெரிய வேண்டுமானால் நினைவகப் பிழைகளைப் பிடிக்கும் கேசானை இயக்குங்கள். எட்டு பைட்டுக்கு ஒரு பைட் நிழல் நினைவகம் வைப்பதால் மொத்தத்தில் எட்டில் ஒரு பங்கை எடுத்துக்கொள்ளும். ஆனால் துண்டை வாங்கிய ஃபங்ஷன், விடுவித்த ஃபங்ஷன், பிறகு தொட்ட ஃபங்ஷன் ஆகிய மூன்றின் அழைப்பு வரிசையையும் ஒரே அறிக்கையில் தரும்.