பழைய பிக்கப்பில் ஸ்லோ ஸ்பீடு நிலைக்காவிட்டால்: கேள்வி பதில்

கேள்வி (நாகலூர், காபித் தோட்டக்காரர்): ஐயா, மெக்கானிக்கல் பம்பு உள்ள பழைய டீசல் பிக்கப் ஒன்றை வாங்கியிருக்கிறேன். காலையில் நெடுநேரம் செல்ஃப் அடித்தால்தான் ஸ்டார்ட் ஆகிறது. பிறகும் சில நிமிடங்கள், ஸ்லோ ஸ்பீடில் (ஆக்சிலரேட்டரை மிதிக்காதபோது) இன்ஜின் ஏறி இறங்கி ஓடுகிறது. மேட்டைப் பார்த்து நிறுத்திய மறுநாள் தொல்லை அதிகம். டீசல் எங்கும் ஒழுகவில்லை.

பதில்: இந்தக் குறிகள் யாவும் டீசல் லைனில் ஏர் பிடிப்பதையே காட்டுகின்றன. டேங்கிலிருந்து ஃபீட் பம்பு வரை டீசல் உறிஞ்சப்பட்டு வருவதால், அந்தப் பகுதியில் விரிசல் இருந்தால் டீசல் வெளியே கசிவதற்குப் பதிலாகக் காற்று உள்ளே போகும். வெளியே ஈரம்கூடத் தெரியாமல் இருக்கலாம். வண்டி மேட்டைப் பார்த்து நிற்கும்போது இன்ஜின் டேங்கைவிட உயரத்தில் இருப்பதால், இரவில் காற்று நுழைய நுழைய டீசல் டேங்குக்கே இறங்கிவிடுகிறது.

ஃபீட் பம்புக்கு முன்னால் ஒரு சாண் நீளத்துக்கு, டீசல் தாங்கும் கண்ணாடி ஹோஸைப் பொருத்தி, இன்ஜின் ஓடும்போது குமிழி வருகிறதா என்று பாருங்கள். வந்தால், சுத்தமான டீசல் கேனை இன்ஜினுக்குச் சற்று மேலே வைத்து, அதிலிருந்து நேரடியாகப் பம்புக்கு லைன் கொடுங்கள். ஓட்டம் சீரானால் கோளாறு டேங்குக்கும் பம்புக்கும் இடையில்தான். ஹோஸ் கிளிப்புகளைக் கழற்றி ரப்பரை விரலால் வளைத்துப் பாருங்கள். மேலே நன்றாகத் தெரியும் ஹோஸில், கிளிப் அழுத்திய தடத்துக்குள் மட்டும் மயிரிழை போன்ற வெடிப்புகள் இருக்கும். ஒருமுறை கழற்றிய செப்பு வாஷரை மறுபடியும் போடுவதும், ஹேண்ட் பிரைமர் (டீசலைக் கையால் ஏற்றும் சிறு பம்பு) தேய்ந்திருப்பதும் அடுத்த காரணங்கள்.

கேள்வி (ஆத்தூர், மரவள்ளி லோடு ஏற்றுபவர்): ஸ்லோ ஸ்பீடில் கேபின் முழுவதும் ஆடுகிறது. இன்ஜெக்டர்களுக்கு டீசல் அனுப்பும் பம்பை இறக்கிக் காலிபரேஷன் (அளவு சரிபார்ப்பு) செய்ய வேண்டும் என்கிறார்கள். செய்யலாமா?

பதில்: உடனே பம்பை இறக்க வேண்டாம். அது செலவு பிடிக்கும் வேலை. அதற்கு முன் செலவில்லாத சோதனை ஒன்று உண்டு. இன்ஜினை ஸ்லோவில் ஓடவிட்டு, ஒவ்வோர் இன்ஜெக்டர் (சிலிண்டருக்குள் டீசலைப் பீய்ச்சும் பாகம்) பைப் நட்டையும் ஒன்றன்பின் ஒன்றாகச் சற்றே தளர்த்தி மறுபடி இறுக்குங்கள். தளர்த்தியதும் வேகம் குறைந்தால் அந்தச் சிலிண்டர் வேலை செய்கிறது. எந்த நட்டைத் தளர்த்தும் மாற்றமே இல்லையோ அந்தச் சிலிண்டர்தான் மிஸ்ஸிங், அதாவது வேலை செய்யவில்லை. அதன் இன்ஜெக்டரை அடுத்த சிலிண்டருக்கு மாற்றிப் பாருங்கள். மிஸ்ஸிங்கும் கூடவே இடம் மாறினால் நாசில் (இன்ஜெக்டரின் முனை) கோளாறு. அங்கேயே நின்றால் டேப்பட் (வால்வைத் திறக்கும் பாகம்) இடைவெளியையும் கம்ப்ரஷனையும் பார்க்க வேண்டும். எல்லாச் சிலிண்டரும் ஒழுங்காக வேலை செய்தும் கேபின் ஆடினால், இன்ஜினைத் தாங்கும் மவுண்டிங் ரப்பர் உட்கார்ந்திருக்கும்.

காமன் ரெயில் (எல்லா இன்ஜெக்டருக்கும் பொதுவான உயரழுத்தக் குழாய் உள்ள) இன்ஜினில் இந்தச் சோதனையை ஒருபோதும் செய்யாதீர்கள். அந்த லைனில் அழுத்தம் ஆயிரம் பாருக்கு மேல், அதாவது காற்றழுத்தத்தைப் போல் ஆயிரம் மடங்குக்கு மேல் போகும். பீய்ச்சும் டீசல் தோலைத் துளைத்து உள்ளே இறங்கிவிடும்.

கேள்வி (அயோத்தியாப்பட்டணம்): என் டாடா ஏஸும் ஆடுகிறது. இதுவும் கோளாறா?

பதில்: 2005இல் வந்த அந்த டீசல் வண்டிக்கு 702 சிசியில் இரண்டே சிலிண்டர்கள். ஓரளவு ஆட்டம் அதன் பிறவிக் குணம். முன்பு இல்லாத ஆட்டம் புதிதாக வந்திருந்தால் மட்டும் மவுண்டிங்கைப் பாருங்கள்.

கேள்வி (ஏற்காடு): சேலத்தில் நன்றாக ஓடும் வண்டி, மேலே வந்தால் ஸ்லோவில் தடுமாறிக் கரும்புகை விடுகிறது. உயரம்தானே காரணம்?

பதில்: பலரும் மலையின் மேல்தான் பழியைப் போடுகிறார்கள். ஏறக்குறைய 1,500 மீட்டர் உயரத்தில், சேலத்தைவிடக் காற்றின் அடர்த்தி பத்தில் ஒரு பங்கு அளவுக்குக் குறைவு என்பது உண்மையே. இருபது கொண்டை ஊசி வளைவுகளில் லோடோடு ஏறும்போது கொஞ்சம் கரும்புகை வருவதற்கு அது காரணமாகலாம். ஆனால் ஸ்லோவில் டீசல் இன்ஜின் தேவையைவிடப் பல மடங்கு காற்றை இழுப்பதால், உயரம் மட்டும் அதைத் தடுமாற வைக்காது. கீழே மறைந்திருந்த குறை மேலே வெளிப்படுகிறது. ஏர் ஃபில்டர் அடைப்பு, ஈஜிஆர் வால்வு (புகையில் ஒரு பகுதியைத் திரும்ப இன்ஜினுக்குள் விடுவது) கரி படிந்து திறந்தபடியே நிற்பது, நாசில் சொட்டுவது ஆகிய மூன்றையும் இதே வரிசையில் பாருங்கள். குளிரில் வெண்புகை வந்து, இன்ஜின் சூடானதும் நின்றுவிட்டால், குளோ பிளக் (குளிரில் ஸ்டார்ட் செய்யச் சூடேற்றும் பாகம்) அல்லது கம்ப்ரஷன் பக்கம் போக வேண்டும்.

கேள்வி (ஓமலூர்): பழைய வண்டி வாங்கும்போது ஸ்லோவை வைத்து என்ன பார்க்கலாம்?

பதில்: இன்ஜின் குளிர்ந்திருக்கும்போது பார்க்க வேண்டும் என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். போனதும் பானெட்டைத் திறந்து இன்ஜினைத் தொட்டுப் பாருங்கள். சூடாக இருந்தால் இன்னொரு நாள் வருவதாகச் சொல்லிக் கிளம்புங்கள். இத்தகைய வண்டிகள் பெரும்பாலும் 750 முதல் 850 ஆர்பிஎம் வாக்கில் ஸ்லோ ஓட வேண்டியவை. ஆயிரத்துக்கு மேல் ஏற்றி வைத்தால் மிஸ்ஸிங்கும் ஆட்டமும் மறைந்துபோகும். ஆகவே பம்பில் உள்ள ஸ்லோ ஸ்குரூவைப் பாருங்கள். சுற்றிலும் எண்ணெய் அழுக்கு அப்பியிருக்க, அதன் லாக் நட்டு மட்டும் ஸ்பேனர் பட்டுப் பளபளத்தால் யாரோ அண்மையில் திருகியிருக்கிறார்கள். அடுத்து, ஓடும் இன்ஜினில் ஆயில் மூடியைக் கழற்றி வாய்மேல் தலைகீழாக வையுங்கள். லேசாக அசைவது இயல்பு; துள்ளி விழுந்து புகையும் குபுகுபுவென்று வந்தால் அது பேக் கம்ப்ரஷன், அதாவது சிலிண்டரின் அழுத்தம் பிஸ்டனைத் தாண்டிக் கீழே கசிகிறது. இன்ஜின் வேலைக்கான தொகையை விலையில் குறைத்துக் கேளுங்கள், குறைக்காவிட்டால் விட்டுவிடுங்கள்.