ஒரே பின்னேரம், எழுபது வயது அம்மாவோடு: எந்தச் சுற்றுலா?

யாழ்ப்பாணம் பார்க்க எதில் போகலாம் என்று நீங்கள் எழுதிக் கேட்ட இரண்டு சுற்றுலாக்களில், ஏழு இடம் காட்டும் வான் வண்டிச் சுற்றுலாவை விட்டுவிடுங்கள். காரைநகர் கசூரினா கடற்கரையையும் அதில் சேர்த்திருக்கிறார்கள். போக மட்டுமே இருபது கிலோமீற்றர் அளவு வரும். யாழ்ப்பாணத்தில் ஆறரைக்கெல்லாம் பொழுதுபட்டுவிடும். நானும் ஒருமுறை அப்படி ஏறி, பாதி இடத்தை ஜன்னலால்தான் பார்த்தேன்.

நாலு இடம் காட்டும் ஓட்டோ சுற்றே அம்மாவுக்குச் சரி. கோட்டை, நூலகம், சுப்பிரமணியம் பூங்கா மூன்றும் கிட்டக் கிட்ட. ஆனால் போகும் வரிசையை மாற்றச் சொல்லுங்கள். முதலில் நூலகம்: 1981இல் எரிந்து பிறகு மீண்டும் திறந்த கதையை வழிகாட்டி வாசலில் நின்றே சொல்லட்டும். அம்மா பூங்காவில் கொஞ்சம் இருக்கட்டும். அப்புறம் கோட்டை. போர்த்துக்கேயர் கட்டி, ஒல்லாந்தர் பெருப்பித்தது. கொத்தளத்தில் ஏறினால் பண்ணைக் கடலில் சூரியன் இறங்குவது தெரியும். அதற்காகவே காசு கொடுக்கலாம். முழங்கால் நோவென்றால் அம்மா ஏற வேண்டாம், பண்ணைப் பாலத்தடியில் இருந்தும் அதே காட்சிதான்.

கோட்டை வாசல் எத்தனை மணிக்குப் பூட்டுவார்கள் என்று முன்பே கேட்டுவையுங்கள். கடைசியாக நல்லூர்க் கந்தசுவாமி கோவில். ஆண்கள் சட்டையைக் கழற்றித்தான் உள்ளே போகலாம், அதனால் ஒரு சால்வை கொண்டுபோங்கள்.